குரல் தாழ்த்திப் பாடியவர்

பஸ் டிரைவரின் தலைக்கு மேலே ஒரு நீளக் கண்ணாடி இருக்கிறதே, அது எதற்கு என்று தம் பஸ்ஸில் ஏறும் பள்ளிப் பிள்ளைகளிடம் அவர் கேட்பார். இறங்குகிறவர்களைப் பார்க்க என்று ஒரு பிள்ளை சொல்லும். காசு கொடுக்காமல் ஏறியவர்களைப் பிடிக்க என்று இன்னொன்று சொல்லும். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு ஃபிஜி இந்தியில் ஏதோ சொல்வார். பிள்ளைகள் சிரிக்கும். தமக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்காக அதைத் தமிழில் மறுபடி சொல்வார்.

"பின்னால எவன் சிரிக்காம உக்காந்துகினு இருக்கான்னு பாக்கறதுக்கு, மாஸ்டர்."

சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. ஆனால் அது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. கண்ணாடியில் ஒரு முகம் உம்மென்று தெரிந்தால் அவரால் நிம்மதியாக வண்டி ஓட்ட முடியாது. "ஏ மாமா, சன்னலோரம், பல்லு வலியா? நவுசோரி போறதுக்குள்ள ரோடே அத்தப் புடுங்கிடும்" என்பார். அந்தச் சரளைச் சாலையில் போனவர்களுக்கு அது உண்மை என்று தெரியும். அந்த மாமா சிரிக்கும் வரை விடமாட்டார்.

ஃபிஜித் தீவில் ரக்கிரக்கியிலிருந்து நவுசோரிக்குப் போகும் பஸ்ஸை அவர் ஓட்டினார். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் போன பௌதிக ஆசிரியன். அவருடைய பாட்டனார் கரும்பு வெட்ட வடாற்காட்டிலிருந்து கப்பலேறியவர். அந்தத் தலைமுறையின் தமிழைப் பேச அவருக்கு வாய்த்தவர்கள் குறைவு. வீட்டில் மனைவி, கோயிலில் சில கிழவர்கள், பிறகு நான். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய மனைவி சிட்னியில் இருக்கிறார். நன்றாகத் தமிழ் பேசுவார், ஆனால் ஆங்கிலம்தான் வாசிப்பார், தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இதை ஆங்கிலத்தில் எழுதாமல் தமிழில் எழுதுகிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆம் என்றுதான் தோன்றுகிறது.

எழுதுவதற்குக் காரணம் ஒரு பாட்டு. நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரே ஒரு கேசட் வெளியிட்டோம். இப்போது சிட்னியில் சில இளைஞர்கள் அதைத் தேடி எடுத்துக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். 'பாடல் வரிகள்' என்று போட்டு என் பெயரை எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு வரியைச் சொல்லி இன்னும் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். அந்த வரி என்னுடையது அல்ல.

இந்தியர் கை ஓங்கிவிட்டது என்று சொல்லி இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த ஆண்டு அது. ஒருமுறை கவிழ்த்தது, சில மாதங்களில் மறுபடியும் கவிழ்த்தது. எங்கள் தெருவில் வாரம் தவறாமல் யாராவது வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா. விசா கிடைத்தவர்கள் வழியனுப்பு விருந்து வைத்தார்கள். கிடைக்காதவர்கள் அதில் சாப்பிட்டார்கள். கிடைக்காதவர்களில் நாலு பேர் சேர்ந்து பாட்டுக் குழு வைத்தால் என்ன என்று அவர்தான் கேட்டார். குழுவுக்கு 'வெயிட்டிங் லிஸ்ட்' என்று பெயர் வைத்தார்.

பஜனைப் பாட்டும் சினிமாப் பாட்டும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. எங்கள் பள்ளியில் இருந்துவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தொண்டர் அவரிடம் ஒரு மின்கிடாரையும், இரைச்சலான சில கேசட்டுகளையும் விட்டுப் போயிருந்தார். அந்த இரைச்சலில் அவருக்கு என்ன பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். "அவனுங்க நல்லாப் பாடணும்னு நெனைக்கல, மாஸ்டர். அது எனக்கும் முடியும்" என்றார்.

அவர் பாட்டும் கிடாரும். எங்கள் தெருத் தையற்காரர் டிரம். எங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலையான பினாங்கு மில்லில் ஃபிட்டராக இருந்த ஒரு ஃபிஜியர் பேஸ் கிடார். அவர் தேவாலயப் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவர். நான் எதையும் வாசிக்கத் தெரியாதவன். பாட்டு எழுதினேன்.

இரண்டாவது கவிழ்ப்புக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை, விளையாட்டு, கூட்டம் எதுவும் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்கள். பஸ் ஓடாது. கரும்பு லாரி ஓடாது. கிங்ஸ் ரோட்டில் நாய்கள் படுத்துக் கிடக்கும். வேறு எந்த நாளிலும் கிடைக்காத அமைதி அது. எனவே ஞாயிற்றுக்கிழமைதான் ஒலிப்பதிவு செய்ய ஏற்ற நாள். ஞாயிற்றுக்கிழமை பாட்டு வாசித்து மாட்டிக்கொண்டால் உள்ளே போக வேண்டியதுதான்.

பஸ் சனிக்கிழமை மாலை அவர் வீட்டு மாமரத்தடியில் வந்து நிற்கும். அதையே ஸ்டூடியோ ஆக்கினோம். மழைக்கு இறக்கிவிடும் தார்ப்பாய்களை இருபுறமும் இறக்கிக் கட்டினோம். வீட்டிலிருந்து மின்சாரத்துக்கு ஒயர் இழுத்தோம். கோயில் மைக்கை இரவல் வாங்கினோம். தையற்காரர் டிரம்மைத் தொடவே இல்லை. அரிசி மூட்டையை இரண்டு இருக்கைகளுக்கு நடுவே வைத்து அதன்மேல் தட்டினார். ஃபிட்டர் தேவாலயம் முடிந்து, பாவாடைபோலக் கட்டும் சூலுவும் கழுத்தில் டையுமாக நேரே வருவார். "சத்தமாக வாசித்தால்தான் பாவம். மெதுவாக வாசித்தால் அதுவும் ஜெபம்தான்" என்பார். அவர் ஒன்றும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பாடகர் மைக்குக்கு வாயை ஒட்டிவைத்து, குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட மூச்சிலேயே பாடினார். ராக் பாட்டைக் காதோடு சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்தக் கேசட் முழுவதும் இருக்கிறது. நடுநடுவே ஒரு சேவல் கேட்கும். அது எங்களுக்குக் கட்டுப்படவில்லை.

பாட்டுகள் ஃபிஜி இந்தியில். ஞாயிற்றுக்கிழமை முட்டையிட்டதற்காகக் கைதான கோழியைப் பற்றி ஒரு பாட்டு. வெளிநாடு போகிறவர்கள் விட்டுப்போகும் நாய்களையெல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் தெருவில் தனியாக இருக்கிற ஒருவனைப் பற்றி ஒரு பாட்டு. கேசட்டுக்குப் பெயர் 'பீச்சே ஜகா ஹை'. பின்னால் இடமிருக்கிறது என்று அர்த்தம். பஸ்ஸில் அவர் நாள் முழுக்கச் சொல்வது அதைத்தான். அந்த ஆண்டில் அது வேறு விதமாகவும் கேட்டது.

சாலையில் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தும்போது நான் அவர் பின்னால்தான் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் ஓர் இளம் சிப்பாய் துப்பாக்கியோடு படியில் ஏறி, வண்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதட்டினான். அவர் ஃபிஜிய மொழியில் நிதானமாகச் சொன்னார்: "எல்லாம் விசா கிடைக்காத சரக்கு. ஒன்றும் தேறாது." சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கிப் போய்விட்டான். பஸ்ஸில் எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அன்று அவரை நான் வியந்து பார்த்தேன். அடுத்த நிறுத்தம் வரை அவர் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்காமல் ஓட்டியதையும் பார்த்தேன்.

அதற்கு முந்திய ஆண்டு அவர் தகப்பனார் இறந்தபோதும் போயிருந்தேன். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் பிணத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு, "நைனா பஸ்ஸுக்கு எப்பவும் அரைமணி முன்னால வந்து நிப்பாரு. இதுக்கும் அவசரப்பட்டுட்டாரு" என்றார். அழுதவர்கள் சிரித்துவிட்டார்கள். துக்க வீடு லேசாயிற்று. பத்தாம் நாள் சடங்கு முடிந்த பிறகு அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "மாஸ்டர், எல்லாரும் அழுது முடிச்சுட்டாங்க. இவரு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அந்த அம்மா அதிகம் பேசுகிறவர் அல்ல. எனவே ஒரு பகல்வேளையில் அவர் தனியாக என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது எனக்கு வியப்பாக இருந்தது. கையில் ஒரு பூசணிக்காய். சாக்குக்குக் கொண்டுவந்தது. வெளிநாடு போகிறவர்கள் மனுவை நிரப்ப என்னிடம்தான் வருவார்கள்.

"எங்க அண்ணன் சிட்னிக்கி எங்கள எடுத்துக்கறேங்குது, மாஸ்டர். பொண்ணுங்க ரெண்டும் வளர்ந்துகினு வருதுங்க. ராத்திரியில கூரை மேல கல்லு வுழுது. இவரு இன்னா சொல்றாரு தெரியுமா? 'மாங்கா வுழுது, காலையில பொறுக்கிக்கலாம்'ங்கறாரு. பொண்ணுங்க சிரிக்குதுங்க."

"நேரா உட்காரவைத்துக் கேட்டீர்களா?"

"கேட்டேன். பாஸ்போட்டு எடுக்கலாம்னா, 'போட்டோவுக்குச் சிரிக்கணும், எனக்கு வராதே'ங்கறாரு. எனக்கே சிரிப்பு வந்துடுது. நான் சிரிச்சுட்டா பேச்சு முடிஞ்சிடுது, மாஸ்டர். எப்பவும் அப்படித்தான் முடியுது."

பூசணிக்காயைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்:

"கறித்தூளு, புளி, கருவாடு, எங்கம்மா குடுத்த அம்மி, எல்லாத்தியும் மூட்ட கட்டிடுவேன். இந்த ஆள எதுல கட்டறது? அத்தச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அழுதார். நான் சிரித்துவிட்டேன். கேலியாக இல்லை, வரி அப்படி விழுந்தது. அவரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்றேன்.

அந்த மாதமே அதைப் பாட்டாக எழுதிவிட்டேன். சிட்னி விமான நிலையத்தில் ஒருத்தி வந்து இறங்குகிறாள். அங்கே மண்ணும் விதையும் தின்பண்டமும் நாட்டுக்குள் வராதபடி மூட்டையைச் சோதிக்கிற அதிகாரி ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் நடுவில் ஒரு புருஷனைக் கண்டுபிடிக்கிறான். இவன் காலில் சேறு இருக்கிறதா, மழையில் நனைந்தால் முளைவிடுவானா என்று கேட்கிறான். கடைசியில் புருஷனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு ஊறுகாயைத் திருப்பிக் கொடுக்கிறான். அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போகிறாள். பாட்டு முழுக்க இந்தியில் இருந்தது. "இந்த ஆள எதுல கட்டறது" மட்டும் தமிழிலேயே திரும்பத் திரும்ப வந்தது. அந்த அம்மா சொன்ன ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. மாற்றினால் கெட்டுவிடும் என்று தெரிந்தது. எழுதத் தெரிந்தவனுக்கு அந்த அளவு புத்தி எப்போதும் இருக்கும்.

அது யார் சொன்ன வரி என்று யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஒலிப்பதிவு நடந்தது அவர் வீட்டு மாமரத்தடியில், சமையலறைக்குக் கூப்பிடு தூரத்தில். ஆனால் நாங்கள் மூச்சில்தானே பாடினோம். உள்ளே கேட்காது.

அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி, வழியில் பஸ் நின்றபோது கொடுத்தேன். படித்தார். மறுபடி படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நல்லாருக்கு. இத்தக் கடைசியில வெச்சுக்கலாம்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஒலிப்பதிவில் மற்ற எல்லாப் பாட்டையும்விட அதைத்தான் மிக மெதுவாகப் பாடினார். சேவல் சத்தத்தில் பாதி அமுங்கிப்போகிறது, கொஞ்சம் குரலை உயர்த்துங்கள் என்று தையற்காரர் சொன்னார். அவர் கேட்கவில்லை.

கேசட் வந்தது. முதலில் கோபித்துக்கொண்டது கோயில் கமிட்டிதான். அம்மனுக்குப் பாடுகிற மைக்கில் கோழிப்பாட்டா என்று செயலாளர் கத்தினார். திருவிழாவுக்கு முன்னால் தீட்டுப் போவதற்காக மைக்கின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அதன் பிறகு அது பேசவில்லை. "தீட்டும் போச்சு, உசுரும் போச்சு" என்றார் அவர்.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு பாட்டு பிழைப்பதும் சாவதும் பஸ் டிரைவர்கள் கையில். எந்த பஸ்ஸிலும் நாள் முழுக்கக் கேசட் ஓடும். டிரைவர்கள் அவருக்காகப் போட்டார்கள், பிறகு பயணிகள் கேட்டதால் போட்டார்கள். கடைசிப் பாட்டு வரும்போது சிரிப்பு இரண்டு அலையாக வரும். முதலில் தமிழ் தெரிந்த கிழவர்கள், கிழவிகள். பிறகு பிள்ளைகள் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரிப்பார்கள். வெளிநாடு போகிறவர்கள் ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள். ஆக்லாந்தில் மாணவர்கள் நடத்தும் வானொலி ஒன்றில் போட்டார்களாம். இது 'ஆல்டர்னேட்டிவ் ராக்', இந்தத் தாழ்ந்த குரல் துணிச்சலான புதுமை என்று அறிவிப்பாளர் சொன்னாராம். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "பயந்தா புதுமை வருது போல" என்றார் அவர்.

எனக்குத் தலை கனத்தது. பள்ளியில், கடையில், எங்கே போனாலும் யாராவது என்னைப் பார்த்து, "மாஸ்டர், எதுல கட்டறது?" என்பார்கள். எப்படி இப்படி எழுத வருகிறது என்பார்கள். நான் புன்னகை செய்வேன்.

அந்த அம்மா பஸ்ஸில் போவது அபூர்வம். ஒரு சனிக்கிழமை மகள்களுக்குப் பள்ளிக்கு ஷூ வாங்க நவுசோரிக்குக் கிளம்பினார். நான் வழக்கம்போல டிரைவருக்குப் பின்னால். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டு வந்தது. முதல் சிரிப்பு வந்தது, இரண்டாவதும் வந்தது. பின்னால் ஒரு பையன் குரலை ஏற்றி, "இந்த ஆள எதுல கட்டறது!" என்று கூடவே கத்தினான். பஸ்ஸே ஆடியது.

அவர் தலையை உயர்த்திக் கண்ணாடியைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா நடு இருக்கையில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. கணவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்காத முகத்தைக் கண்டால் விடாத மனிதர் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. கேசட்டையும் நிறுத்தவில்லை. அது முடிந்து, தானாகத் திரும்பி, கோழிப்பாட்டு மறுபடி தொடங்கியது.

நவுசோரியில் அந்த அம்மா இறங்கிக் கடைப்பக்கம் போய்விட்டார். வண்டியை நிறுத்திவிட்டு அவர் ரேவா ஆற்றைப் பார்த்தபடி பஸ்ஸில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். நான் கடந்து போகும்போது கேட்டார்:

"மாஸ்டர், அந்த வரி நீங்க எழுதினதா?"

"எந்த வரி?"

"எதுல கட்டறதுங்கறது."

சொல்லியிருக்கலாம். வாக்கை மீறினேன், உங்கள் மனைவி அழுதுகொண்டே என்னிடம் கேட்டதைப் பாட்டாக்கி விற்றேன் என்று. வெட்கம் ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், அந்த வரியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

"ஆமாம், நான் எழுதினதுதான்" என்றேன்.

"ம். நல்ல வரி" என்றார். தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அந்த அம்மா அதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் அனுப்பிய காகிதங்களை நிரப்ப என்னிடம் வரவும் இல்லை. சுவாவில் ஒரு வக்கீலிடம் போனார். சில மாதங்களில் தமக்கும் மகள்களுக்கும் விசா வாங்கிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் வெளிநாடு போனால் தெருவே ஒரு பஸ்ஸை அமர்த்திக்கொண்டு நாந்தி விமான நிலையம் வரை போய் வழியனுப்பும். அந்த பஸ்ஸை அவரே ஓட்டினார். பரீட்சைத்தாள் திருத்த வேண்டும் என்று சொல்லி நான் போகவில்லை. தையற்காரர் வந்து சொன்னார். வழி முழுக்க அவர் அடித்த வேடிக்கையில் வயிறு புண்ணாகிவிட்டதாம். கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் வைத்துவிட்டு, அங்கே நின்ற அதிகாரியிடம், "கருவாடு நான்தான். நான் போவல. தேடாதீங்க" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம்.

"அந்த அம்மாவுமா?"

"அவங்களும்தான்" என்றார் தையற்காரர்.

வெயிட்டிங் லிஸ்ட் அதோடு முடிந்தது. தையற்காரருக்குக் கனடா கிடைத்தது. அடுத்த ஆட்சிக் கவிழ்ப்பு வந்தபோது நானும் சிட்னிக்குக் கிளம்பினேன். அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். மகள்கள் தொலைபேசியில் வரச்சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றும், "நாய்ங்கள யார் பாக்கறது?" என்பார் என்றும் கேள்விப்பட்டேன். அவரிடம் நாய் இல்லை.

சிட்னியில் கோயில் சமையலறையில்தான் அந்த அம்மாவை மறுபடி பார்த்தேன். வரிசையில் தட்டோடு நின்ற என்னை அடையாளம் கண்டு, கரண்டியை நிறுத்தாமல் சோறு போட்டார். திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது சொன்னார்:

"உங்க மேல கோவம் இல்ல, மாஸ்டர். இருந்துச்சு. இப்ப இல்ல."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"அவர ஒருதபா கேட்டுட்டேன். மறுபடி கேக்கமாட்டேன். ஆனா ஒருநா பொட்டியோட வந்து நின்னாருன்னா, ஏன் இவ்ளோ நாளுன்னும் கேக்கமாட்டேன். சாம்பார் வாங்கிக்குங்க. பின்னால ஆள் நிக்குது."

ஓய்வு பெற்ற பிறகு நான் ரக்கிரக்கி போனது அவரைப் பார்ப்பதற்காகத்தான். அதே வீடு. வேலையிலிருந்து நின்றுவிட்டிருந்தார். மெலிந்திருந்தார். தாமே சமைத்துக்கொண்டார். மீன் குழம்பும் மரவள்ளிக்கிழங்கும் சோறும் வைத்து, பகல் சாப்பாட்டுக்கு என்னை உட்காரவைத்தார். "சிட்னில இத்தயெல்லாம் அதிகாரி புடுங்கிப்பான், இங்கயே தின்னுட்டுப் போங்க" என்றார்.

சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். முடியவில்லை. அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அந்த வரி நான் எழுதினது இல்லை. உங்க வீட்டம்மா சொன்னது. என் வீட்டுக்கு வந்து, அழுதுகொண்டு, என்னைக் கேட்டது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்தார்."

அவர் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"தெரியும், மாஸ்டர்."

"எப்படி?"

"உங்களுக்கு முன்னால எங்கிட்டச் சொல்லிச்சு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? 'சாக்குல கட்டு, மேல அரிசின்னு எழுதிடு'ன்னேன். சிரிச்சுது. அப்பறந்தான் உங்க வீட்டுக்கு வந்திருக்கும்."

"தெரிந்துமா பாடினீர்கள்?"

"ஊரே சிரிச்சா அது சிரிக்கற விஷயந்தான்னு ஆயிடும்னு பாத்தேன்."

"பின்னே நவுசோரியில் என்னை ஏன் கேட்டீர்கள்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை.

"தெரிஞ்சுக்கறதுக்கா கேட்டேன்? நீங்க படிச்சவரு. 'அது பாட்டு இல்லடா, உன் பொண்டாட்டி கேட்ட கேள்வி, போய் பதில் சொல்லு'ன்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு நெனச்சேன். எனக்கு நானே சொல்லிக்க வரல. வேற யாரு சொல்லுவாங்க, மாஸ்டர்? எல்லாருந்தான் சிரிச்சுகினு இருந்தாங்களே."

அவர் எழுந்து எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். குழம்பை ஊற்றினார். தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

"இப்போது போகலாமே" என்றேன். "மகள்கள் கூப்பிடுகிறார்களே. நானே கூட்டிக்கொண்டு போகிறேன்."

வேடிக்கையாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகக் காத்திருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

"அப்பப் போயிருந்தா ஆசையா வந்தான்னு இருந்திருக்கும்" என்றார். "இப்பப் போனா, வயசாயிடுச்சு, ஆக்கிப்போட ஆள் இல்ல, அதான் வந்துட்டான்னு நெனைக்கும். அந்த நெனப்பு அதுக்கு வேணாம், மாஸ்டர்."

அப்படி நினைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். பெட்டியோடு வந்து நின்றால் ஏன் இவ்வளவு நாள் என்றுகூடக் கேட்கமாட்டேன் என்று அந்த அம்மா என்னிடமே சொல்லியிருந்தார். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் அது அந்த அம்மா என்னிடம் மட்டும் சொன்னது, இன்னொருமுறை அந்த அம்மாவின் பேச்சைக் கொண்டுபோய் ஒருவரிடம் சேர்க்க நான் யார் என்று தோன்றியது. நியாயமான யோசனைபோலத்தான் இருந்தது. வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் மீன் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.